மருந்து இல்லை என்று யார் சொல்வது

தம்பி,

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் மேல் அடுக்கில் காகிதம் இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்காதே. சோறும் குழம்பும் கீழ் அடுக்குகளில் இருக்கின்றன. முதலில் சாப்பிடு, அப்புறம் படி. உன் அப்பா மின்துறையில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். லீவு லெட்டரைத் தவிர நீளமாக எதையும் எழுதியவன் இல்லை. நேரில் பேசினால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாது. உன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே என் குரல் ஏறிவிடும், நீ செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவாய். காகிதம் கத்தாது என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கு பஸ் ஏறப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பனியன் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாயாம். என்னிடம் சொல்லவில்லை, சரி. சுமதியிடமாவது சொல்லியிருக்கலாம். கட்டிய பெண்டாட்டிக்கு மாமியார் வாய் வழியாகத்தான் சேதி போக வேண்டுமா? மார்கழியில் அது நடந்ததிலிருந்து நீ வீட்டில் படுப்பதில்லை. மாற்றுத் துணிக்கு வருகிறாய், வந்த வேகத்தில் வயலுக்குத் திரும்பிவிடுகிறாய். போன வாரம் அப்படி வந்தபோது அபி ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொண்டாள். நீ இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாய், சேறு அப்பிய கையால் குழந்தையைத் தொடக்கூடாது என்று நிற்பவனைப் போல. உன் கையில் சேறு இல்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தானாகவே காலை விட்டுவிட்டு உள்ளே வந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பேனா சரியாக ஓடவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் முழுக்கத் தெரியாது. என் பக்கத்திலிருந்து நான் பார்த்ததையும், நீ கொட்டகையில் கிடந்த நாட்களில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி.

வேலையை விட்டு வந்த பிறகு எனக்கென்று இருந்தது இரண்டே விஷயம், உன் மகளும் வீட்டுக் கொல்லையும். காலையில் காப்பி குடித்ததும் அவள் என் வேட்டியைப் பிடித்து இழுப்பாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தால் போதும், எனக்கு முன்னால் ஓடுவாள். அடிபம்புக்குப் பக்கத்தில் வெண்டைப் பாத்தி, அதை அடுத்துக் கத்தரி, சுவரோரம் அவரைப் பந்தல். பம்பை நான் அடிப்பேன், வாய்க்காலில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அவள் கூவுவாள். கடைசியில் ஒரு வெண்டைப் பிஞ்சை அவளே தேடிப் பிடித்துக் கிள்ளிக் கடித்துத் தின்பாள். சுமதி கதவருகில் நின்று, கழுவாமல் தின்னாதே என்று கத்துவாள். நான்தான், கழுவவே வேண்டாம், மருந்து படாத காய் என்று மருமகளின் வாயை அடைப்பேன். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, இதெல்லாம் மருந்தடித்த கத்தரிக்காய், எங்கள் கொல்லைக் காயைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று பக்கத்து இலைக்காரரைப் படுத்தியெடுப்பேன். உன் அம்மா பெண்கள் வரிசையிலிருந்து என்னை முறைப்பாள்.

அந்தப் பெருமைக்கு ஆதாரம் உன் அம்மாவின் விறகடுப்புதான். அவரையில் செடிப்பேன் பிடித்தால், பனி காய்வதற்கு முன் சாம்பலைத் தூவிவிடுவேன். வீட்டுக்கு கேஸ் வந்தது, விறகடுப்பு போயிற்று, சாம்பலும் போயிற்று. உன் அம்மாவின் இருமல் நின்றது, அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் மார்கழிப் பனியில் அவரைப் பூவெல்லாம் கறுப்பாகப் பேன் அப்பியதும் நான் தினமும் சாப்பாட்டில் உட்கார்ந்து புலம்பினேன். போச்சு, எல்லாம் போச்சு, இந்த வருஷம் ஒரு கூட்டுக்குக்கூடக் காய் தேறாது என்று. நீ தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். நீ கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை உன்னைத் தவிர நாங்கள் எல்லோரும் திருநள்ளாறு கோயிலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பினோம். அன்றைக்கு நீ சம்பா நெற்கதிரை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிக்கு மருந்தடித்திருந்தாய். ஸ்பிரேயரில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. கலந்த மருந்தைக் கீழே கொட்ட நம் ஊரில் எவனுக்கும் மனசு வராது. வாய்க்காலில் கொட்டினால் மாடு குடிக்கும், வரப்பில் கொட்டினால் வீண். மிஞ்சியதை எடுத்துக்கொண்டு நீ கொல்லைக்கு வந்தாய், அப்பாவின் அவரை பிழைக்கட்டும் என்று. பந்தலுக்கு அடித்தது போகக் கடைசியில் இருந்ததை வெண்டைக்கும் பீய்ச்சிவிட்டாய். எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யாரும் உன்னைக் கேட்க வேண்டாம், எனக்கே தெரியும். சொல்லியிருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பேன். பேன் செத்த பிறகு, பார்த்தீர்களா என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்திருப்பாய்.

மறுநாள் காலை எனக்கு ஜலதோஷம். மூக்கில் வாசம் எதுவும் ஏறவில்லை. பனியில் இலையெல்லாம் நனைந்திருந்தது. நீ விடியும் முன்பே வயலுக்குப் போயிருந்தாய். அபி வழக்கம்போலப் பிஞ்சைக் கிள்ளினாள், தின்றாள், இன்னொன்றும் தின்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினேன். தம்பி, அந்தக் கையை இப்போதும் சில நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது, பனிக்காலத்தில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. சுமதி தூக்கினாள், பிள்ளையின் தலை துவண்டு விழுந்தது. அவள் ஒரு கூப்பாடும் போடவில்லை. ஆட்டோ கூப்பிடுங்க மாமா என்று மட்டும் சொன்னாள். நம் குரும்பகரத்திலிருந்து காரைக்கால் ஆஸ்பத்திரி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் சைக்கிளிலேயே எத்தனையோ தடவை போய் வந்த பாதை. உன் அம்மா உனக்கு போன் போட்டாள். நாங்கள் போய் இறங்கும்போது நீயும் சேறு காயாத காலோடு வந்து சேர்ந்தாய்.

டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பூச்சி மருந்து ஏதாவது பட்டிருக்குமா, வீட்டில் எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். என்ன தின்றாள் என்று கேட்டார். வெண்டைப் பிஞ்சு என்றேன். அதில் மருந்து அடித்தீர்களா என்றார். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது.

"எங்க கொல்லையில மருந்தே கிடையாதுங்க. சொட்டு மருந்து பட்டதில்ல. நான் கை வச்சு வளர்க்கிற செடி, எனக்குத் தெரியாதா?"

அவர் திரும்பவும் கேட்டார். நானும் திரும்பவும் அதையே சொன்னேன், முன்னைவிடச் சத்தமாக. அப்படியானால் ராத்திரி என்ன சாப்பிட்டாள், காய்ச்சல் இருந்ததா, ஏதாவது கடித்ததா என்று அவர் வேறு பக்கம் கேட்கத் தொடங்கினார். கட்டிலில் பிள்ளையின் கைவிரல்கள் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. நான் பாட்டுக்கு என் கொல்லையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். என் பேத்தியின் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் என் வாய் ஓயவில்லை. இதைவிட வெட்கமான ஒன்றை என் வாழ்க்கையில் எழுத வேண்டி வராது.

நீ சுவரோரம் நின்றாய். முகத்தில் ரத்தமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றாய் என்று நான் அளக்கவில்லை, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்கலாம். அதை நீ ஒரு யுகமாக நினைத்து உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் நீ முன்னால் வந்தாய்.

"நான்தான் அடிச்சேன் டாக்டர். நேத்து சாயங்காலம். நெல்லுக்கு அடிக்கிற மருந்து."

பெயரையும் சொன்னாய். சொல்லிவிட்டு பாட்டிலை எடுத்து வர வண்டியை முறுக்கிக்கொண்டு போனாய். அந்த நொடியிலிருந்து அங்கே எல்லோருக்கும் கால் முளைத்தது. ஊசி போட்டார்கள், சட்டையைக் கழற்றி உடம்பைத் துடைத்தார்கள், மூக்கில் குழாய் விட்டார்கள். நீ பாட்டிலோடு ஓடி வந்தபோது வராந்தாவில் வைத்து உன்னை அறைந்தேன். சுமதி பார்த்தாள், நர்ஸ் பார்த்தாள், வெளியே காத்திருந்த சனமெல்லாம் பார்த்தது. நீ கன்னத்தைக்கூடத் தடவவில்லை. பாட்டிலை உள்ளே கொடுத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தாய்.

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் வீட்டில் எந்த அப்பனுக்கும் இருந்ததில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த அடி எதற்கு என்பதை நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். பிள்ளைக்கு விஷம் வைத்தவன் என்று அப்பா அடித்தார், ஊரே பார்த்தது, இனிமேல் அந்த வீட்டில் எனக்கென்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டாயே என்று கை ஓங்கியது. பேத்தி உள்ளே கிடக்கிறாள், எனக்கு மானம் முக்கியமாக இருந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தை முழுவதும் ஆயிற்று.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், நீயே பார்க்கிறாய். அவள் வந்த அன்றைக்கு நான் கொல்லையில் ஒரு செடி விடாமல் பிடுங்கினேன். பந்தலை அறுத்துத் தள்ளினேன். எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அபி கதவைத் தட்டித் தட்டி அழுதாள். உன் அம்மா கடைத்தெருவில் காய் வாங்கினாள். அந்தக் காய்க்கும் மருந்து அடித்திருப்பார்கள் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மண் சும்மா கிடப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? மேல் மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தினேன், புது மண் அடித்தேன், மறுபடி வெண்டை ஊன்றினேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் இன்னும் விறகடுப்புதான். தினமும் காலையில் வாளியோடு போய் நிற்கிறேன். ரிட்டயர் ஆன லைன்மேனுக்கு பென்ஷன் பத்தவில்லையா, சாம்பல் எடுக்க வந்துவிட்டாரே என்று டீக்கடைக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். செடி நன்றாக வந்தது. போன திங்கட்கிழமை முதல் பறிப்புக்கு ஒரு முறம் காய் இருந்தது.

முறத்தோடு சமையல்கட்டுக்குள் போனேன். சுமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் என்னிடமும் அதிகம் பேசுவதில்லை, உன் பேச்சையும் எடுப்பதில்லை. உன் மேல் வெறுப்பு என்றுதான் நான் நினைத்தேன், நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். முறத்தை மேடையில் வைத்து, பொரியல் செய்யம்மா, மருந்து இல்லாத காய் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு முறத்தை என் பக்கமே நகர்த்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அன்னைக்கும் நீங்க இதையேதான் சொன்னீங்க."

எனக்குச் சுரீர் என்றது. நானா அடித்தேன், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று குரலை உயர்த்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு சொல்லல. உங்களுக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க. உங்க மகனுக்குத் தெரிஞ்சுது. எல்லாரும் என்ன நினைப்பாங்கன்னு பார்க்காம சொன்னாங்க. அதனாலதான் எம்புள்ள இருக்கா. ஸ்பிரேயரும் மருந்தும் இன்னும் கொட்டகையில அவங்ககிட்டதான் இருக்கு. அவங்க வந்து, இதுல மருந்து இல்லன்னு சொல்லட்டும். ஆக்கிப் போடுறேன்."

நான் பேச வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "நீங்கதானே மாமா எப்பவும் சொல்வீங்க, ஃபியூஸைப் பிடுங்கினவரே நேர்ல வந்து சொன்னாத்தான் கம்பத்துல ஏறுவேன்னு" என்றாள்.

அந்தக் கதையை அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனை தடவை என் வாயால் கேட்டிருப்பாள். சுனாமிக்கு அடுத்த வருஷம் நடந்த உன் கல்யாணத்தில், பெண் வீட்டார் காதிலும் அதைத்தான் ஊதினேன். ஒரு புயல் மழையில் ஊரே இருட்டில் கிடந்தது. கம்பி அறுந்து தொங்குகிறது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கப் போன என் கூட்டாளியைக் காணவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர், பிடுங்கியாச்சு, நான் பார்த்தேன், ஏறுங்க என்றார். நான் ஏறவில்லை. கம்பத்தடியில் குந்திவிட்டேன். சனம் திட்டியது, பயந்தாங்கொள்ளி என்றது, கவர்மென்ட் சம்பளம் வாங்கிக்கொண்டு குந்தியிருக்கிறான் என்றது. கூட்டாளி நனைந்துகொண்டே வந்து, சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டி, நான் பிடுங்கிட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஏறினேன். பார்த்தவன் சொல்லக்கூடாது, நல்லவன் சொல்லக்கூடாது, பிடுங்கியவன்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் கடைசி நாள் வரை வேலை பார்த்தேன், அதனால்தான் உயிரோடு வீட்டுக்கு வந்தேன். என் தொழிலில் கடைப்பிடித்ததை என் வீட்டுக்குள் நான் கடைப்பிடிக்கவில்லை. என் மருமகள் கடைப்பிடிக்கிறாள்.

அன்றைக்கு முறத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கே திரும்பி, பம்பின் மேடையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இப்பதான் ஜலதோஷம் சரியாகுது போலிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நாக்கு உனக்குத் தெரியும். அந்த ஒரு முறம் காயும் வதங்கிப் போனது. இந்த வீட்டில் ஒருத்தரும் அதைத் தொடவில்லை. என் சொல்லை நம்பி ஒரு வெண்டைக்காய்கூட அடுப்பில் ஏறாது என்ற நிலைமைக்கு வந்து நிற்கிறேன், பார்த்துக்கொள்.

இதை நீ திருப்பூர் போகும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும். சம்பாதிக்கப் போகிறாய் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உளுந்து எடுக்கிற சமயத்தில் நிலத்தை விட்டுப் போகிறாயே என்று வயிறு எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீ சம்பாதிக்கப் போகவில்லை, முகத்தை மறைக்கப் போகிறாய். ஒரு வயசுக்கு மேல் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லக்கூடாது என்பார்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எதைச் செய்தாலும் வீட்டில் சொல்லிவிட்டுச் செய், அப்பா கத்துவார் என்றால் கத்தட்டும். உன் வீட்டில் யாராவது உன்னிடம் எதையாவது சொல்லப் பயந்தால், தப்பு அவர்களிடம் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதே. இதை நான் உன் அப்பனாக இருந்து கற்றுக்கொண்டேன், ரொம்ப லேட்டாக. நீ அபிக்கு அப்பன். உனக்கு நேரம் இருக்கிறது.

நீ அந்தச் சுவரோரம் நின்ற ஒரு மூச்சை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பெண்டாட்டி அதற்கு அடுத்த மூச்சை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை உன்னிடம் அவள் சொல்ல மாட்டாள், ரோஷக்காரி. நீயும் கேட்க மாட்டாய், என் பிள்ளை. நடுவில் நான் ஒருத்தன் காகிதமும் கையுமாக அலைகிறேன்.

வெண்டைச் செடி இப்போது மறுபடியும் காயோடு நிற்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு வா. மருந்து பாட்டில்களையும் ஸ்பிரேயரையும் எங்கே பூட்டி வைத்திருக்கிறாய் என்று சுமதியிடம் சொல். சாவியை அவள் கையில் கொடு. அபியைத் தூக்கிக்கொள், உன் கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவளோடு பாத்தியில் நட. ஒரு காயைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, இதில் மருந்து இல்லை என்று உன் வாயால் சொல். அதற்கப்புறம் போவதா இருப்பதா என்று நீயும் சுமதியும் பேசிக்கொள்ளுங்கள், நான் தலையிட மாட்டேன். கத்தவே மாட்டேன் என்று மட்டும் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். நீ வந்து சொல்கிற வரைக்கும் நான் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா